எட்டு அங்குல ஷெவர்லே: வாசகர் கேள்வி பதில்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் சிறிய மாடல் கார் கிட்டுகளைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, பெயின்ட் வெளுத்துப்போன கதைகள். ஆடி மாதம் வேறு எதைக் கொண்டுவரும்? எல்லோருக்குமான பதிலைப் பொள்ளாச்சி வாசகரின் பெயரில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போது ஒரு கார் கிட் வாங்கி வருகிறேன் என்கிறான். நான் இதுவரை எதையும் கட்டியதில்லை. எதை வாங்கச் சொல்லட்டும்? பெட்டிகளில் 1/24 என்றும் 1/25 என்றும் இருக்கிறதே, ஏன் இந்தக் குழப்பம்?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு*

அய்யா, 1957 ஷெவர்லே பெல் ஏர் வேண்டாம். எல்லோருக்கும் ஆசை அதன் மேல்தான், தெரியும். இரட்டை வண்ணம், பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை, வால் சிறகு என்று ஒரு கல்யாண வீட்டு வேலை அதில் இருக்கிறது. முதல் காரில் அத்தனையும் செய்யப் போனால், வெறுத்துப்போய்ப் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவீர்கள். 1966 ஃபோர்டு மஸ்டாங் வாங்கி வரச் சொல்லுங்கள். வெள்ளிப் பட்டை குறைவு, உடம்பு முழுவதும் ஒரே வண்ணம். அதிலும் கூரை உள்ள வண்டியாக இருக்கட்டும். கூரை திறந்த வண்டியில் உள்ளே செய்த பிழை எல்லாம் வெளியே தெரியும்.

அளவுக் கதை எனக்குப் பிடித்தமானது. கோவை கணபதியில் முப்பத்தெட்டு வருடம் பவுண்டரிகளுக்குப் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர மாதிரி, செய்தவன் நான். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக அளக்கும் தனி ஸ்கேல் வைத்துத்தான் மரத்தைச் செதுக்குவோம். அதனால் அளவு விஷயத்தில் எனக்கு நாக்கு நீளம். 1/24 என்றால் நிஜ வண்டியின் ஓர் அடிக்கு மாடலில் அரை அங்குலம், அதாவது நான்கு நூல். தச்சன் மனக்கணக்கில் போட்டுவிடுவான். 1/25 டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வந்தது. மிச்சிகன் மாநிலம் டிராய் நகரில் 1948-ல் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், கார் விற்பனையாளர்கள் கடையில் காட்டுவதற்காகப் புதிய வண்டிகளின் சிறு உருவங்களை அந்த அளவில் செய்தது. பிறகு 1958-ல் அதே அளவில் ஒரே பெட்டியை மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை வெளியிட்டது: கம்பெனி வண்டியாக, அலங்கரித்த வண்டியாக, பந்தய வண்டியாக. சிகாகோ பக்கத்து மோனோகிராம் நிறுவனம் 1/24 அளவைப் பிடித்துக்கொண்டது.

வித்தியாசம் எவ்வளவு? 1957 ஷெவர்லேயின் நீளம் 200 அங்குலம். 1/25 அளவில் துல்லியமாக எட்டு அங்குலம். 1/24 அளவில் எட்டு அங்குலமும் இரண்டரை நூலுக்குச் சற்று மேலும். தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆரம்பத்திலேயே ஓர் அளவை முடிவு செய்துகொள்ளுங்கள். என் அலமாரி 1/25.

ஷெவர்லே உடம்புக்கு ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரத்தில் பால் ஊற்றியது போல் வெண்படலம் வந்துவிட்டது. பெயின்ட் கெட்டுப்போனதா? கடைக்காரர் நல்ல பெயின்ட் என்கிறார்.
*வாசகர், பொள்ளாச்சி*

கடைக்காரர் சொன்னது சரி. கெட்டது நீங்கள் தேர்ந்தெடுத்த நாள். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலேயே உட்கார்ந்துகொண்டு, தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வரும் மாதத்தில் லாக்கர் என்ற வேகமாகக் காயும் பெயின்டை அடித்திருக்கிறீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. காற்றில் ஈரம் அதிகம் என்றால், குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்தப் பால்.

உரித்துவிடாதீர்கள். வெயில் அடிக்கும் ஒரு நாளைப் பார்த்து, கார் பெயின்ட் கடைகளில் ரிட்டார்டர் என்று விற்கும் மெதுவாகக் காயும் தின்னரைக் கொஞ்சம் சேர்த்து, தூரத்தில் பிடித்து, பனி விழுவது போல் ஒரு பூச்சு அடியுங்கள். மேல்படலம் இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் லேசாகத் தேய்த்து மறுபடி ஒரு கோட்டிங்.

ஒரு எச்சரிக்கை. நிஜக் காருக்கு அடிக்கும் என்.சி. பெயின்டை வெறும் பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. அதன் தின்னர் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். என் முதல் பெல் ஏரை அப்படித்தான் கொன்றேன். டிங்கரிங் பட்டறை நண்பரிடம் கொடுத்து, “நம் ஸ்ப்ரே கன்னிலேயே ஒரு அடி அடித்துக் கொடுங்கள் மாப்பிள்ளை” என்று கெத்தாகச் சொன்னேன். அவரும் கதவுக்கு அடிப்பது போல் தாராளமாக அடித்தார். பத்து நிமிடத்தில் கூரை, வற்றிய குளத்துக் களிமண் போல் வெடித்துக்கொண்டு நின்றது. பட்டி வைத்து இழைக்க இரண்டு மாதம் ஆனது. பட்டறைக்காரர் மேல் தவறில்லை. அவருக்குத் தகரம்தான் தெரியும், எனக்குத்தான் பிளாஸ்டிக் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து கழன்று வரப் பூசிய எண்ணெய் போகட்டும். பிறகு பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர். அதன் மேல் மெல்லிய பூச்சுகளாக வண்ணம்.

மெல்லிய பூச்சு என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. பூச்சுகள் எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்று வையுங்கள். 1/25 அளவில் அது நிஜக் காரின் மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பிய பெயின்ட். கதவின் கோடு, சாவித் துவாரம், எழுத்து முத்திரை எல்லாம் அதில் மூழ்கிவிடும். ஆகையால் பிரைமருக்கு முன்பே பிளேடின் முதுகால் கதவுக் கோடுகளை ஓட்டி ஆழப்படுத்தி விடுங்கள்.

தூசிக்கு மருந்து: தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பது, அடித்ததும் அலுமினிய அண்டாவைக் கவிழ்த்து மூடுவது. காற்றுப் போக அடியில் இரண்டு மரத்துண்டு வைக்க வேண்டும். எங்கள் வீட்டு அண்டா எட்டு வருடமாகச் சமையலறைக்குத் திரும்பவில்லை.

கணவர் வாங்கி அடுக்கிய பெட்டிகள் இருபதைத் தாண்டிவிட்டன. கட்டி முடித்தவை இரண்டு. வீடு முழுக்கத் தின்னர் வாடை. என்ன செய்ய?
*பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோபிசெட்டிபாளையம்*

அம்மணி, வாடைக்கு முதலில் பதில். அடுப்பு எரியும் இடத்தின் பக்கத்தில் ஸ்ப்ரே கூடவே கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும். மாடியில் கூரை போட்ட மூலையாகப் பார்த்து ஒதுக்கிக்கொடுங்கள். கரி வடிகட்டி வைத்த முகமூடி வாங்கச் சொல்லுங்கள். துணியைக் கட்டிக்கொண்டால் தூசிதான் நிற்கும், ஆவி நிற்காது.

இருபது பெட்டி விஷயத்தில் நான் நீதி சொல்லத் தகுதியில்லாதவன். என்னிடம் முப்பத்தொன்று இருக்கிறது.

பெல் ஏரின் பக்கவாட்டு வெள்ளிப் பட்டையைச் சில்வர் பெயின்டில் வரைந்தேன். சாம்பல் பூசியது போல் இருக்கிறது. படங்களில் மட்டும் நிஜக் குரோம் போல் எப்படி மின்னுகிறது?
*பின்னலாடை நிறுவன மேலாளர், திருப்பூர்*

அது பெயின்டே இல்லை, தாள். பின்புறம் பசை தடவிய, வெங்காயச் சருகை விட மெல்லிய அலுமினியத் தாள். பேர் மெட்டல் ஃபாயில் என்ற பெயரில் வருகிறது. வேலையை ஒருமுறை எழுதிவிடுகிறேன், கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயின்ட் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், மூக்கை உடம்பருகே கொண்டுபோய் முகருங்கள். வாடை வந்தால் இன்னும் காயவில்லை. நான் ஒரு வாரம் விடுவேன். பிறகு பட்டையின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலமாக ஒரு துண்டை வெட்டி, சாமணத்தால் எடுத்து, பட்டையின் மேல் படுக்க விடுங்கள். இழுக்காதீர்கள், கிழியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் ஒற்றுங்கள். அடுத்து எழுத்து, மடிப்பு, பள்ளம் எல்லாவற்றிலும் தாள் இறங்க வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கருவி விற்கிறார்கள். எனக்குச் சீமாற்றிலிருந்து உருவிய ஒரு ஈர்க்குச்சி போதும். நுனியைச் சாய்வாகச் சீவி, கொஞ்சம் பஞ்சு சுற்றினால், பட்டையின் விளிம்பை அதுவே தேடிப் போய்க் காட்டிவிடும். தாளுக்கு அடியில் விளிம்பு ஒரு நிழல்கோடாகத் தெரியும்போது புதுப் பிளேடை எடுங்கள். புதுசு என்றால் அன்றைக்குப் பிரித்தது. அழுத்தக் கூடாது. பிளேடின் எடையே வெட்டும், உங்கள் கை வழி காட்டினால் போதும். அழுத்தினீர்களானால் பெயின்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள், அடியிலிருக்கும் பிரைமர் பல்லைக் காட்டும். வெட்டியதும் மிச்சத் தாளை மெதுவாக உரித்தால், பட்டை மட்டும் வெள்ளியாக நிற்கும்.

பெல் ஏருக்கு இன்னும் இரண்டு விஷயம். பின்பக்கத்தில் பட்டை பிரிந்து ஆப்பு வடிவத்தில் விரிகிறதே, அதற்குள் நிஜ வண்டியில் வரிவரியாக நெளித்த அலுமினியத் தகடு இருக்கும். வரி விழுந்த இடத்தில் தாளைப் பஞ்சால் அல்ல, வெறும் ஈர்க்கால் தேய்க்க வேண்டும். முன்கிரில்லின் வலை பெல் ஏரில் வெள்ளி அல்ல, தங்க நிறம். தாளின் மேல் மஞ்சள் கலந்த தெளிவார்னிஷ் ஒரு பூச்சுப் போதும். கூரை நிறம் கேட்டிருந்தீர்கள். அந்த வருடத்து ஷெவர்லே வண்ணப் பட்டியலில் வெள்ளைக்குப் பெயர் “இந்தியா ஐவரி”. வேறு எதை அடிப்பீர்கள்?

இடது வால்சிறகின் குரோம் ஓரத்தில் ஒரு சிறு கோடு தெரிந்தால், பிசிறு என்று நினைத்துப் பட்டி வைத்து மூடிவிடாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் வாய் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

எங்கள் அப்பாரு வைத்திருந்த 1951 ஷெவர்லே பிளசர் காரைச் செய்ய ஆசை. கிட் கிடைக்குமா? எங்கள் வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது.
*விவசாயி, தாராபுரம்*

“பிளசர்” என்ற சொல்லைப் பார்த்ததுமே கடிதத்தை மேலே எடுத்து வைத்துவிட்டேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. லாரி, பஸ் அல்லாத, வீட்டுக்கான வண்டி என்றால் அன்று பிளசர்தான்.

1951 ஷெவர்லேயை ஏஎம்டி 1/25 அளவில் போட்டிருக்கிறது. ஆனால் அது இரண்டு கதவு வண்டி. உங்கள் படத்தில் நான்கு கதவு இருந்தால் சொல்லுங்கள், அது வேறு பெரிய வேலை.

வலது ஸ்டியரிங்குக்குக் காரணம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றது. ஃபோர்டு சென்னையிலேயே பூட்டியது. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே நம் சாலைக்கு ஏற்ப வலது ஸ்டியரிங்கோடு வண்டியாகும். உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யாமல் வெறுமனே பூட்டி விற்பதை அரசு ஊக்குவிக்காததால், 1950-களின் நடுவில் இரண்டு நிறுவனங்களும் மூட்டை கட்டின. உங்கள் அப்பாருவின் வண்டி ஏறக்குறைய அந்த வரிசையின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று.

மாற்றும் வேலை: டாஷ்போர்டை மூன்று துண்டாக அறுங்கள். மீட்டர் இருக்கும் துண்டை வலப்பக்கம் கொண்டுபோய், எதிர்த்துண்டை இடப்பக்கம் ஒட்டி, மூட்டுகளில் பட்டி பாருங்கள். இடது பக்கம் ஸ்டியரிங் கம்பி நுழையும் ஓட்டையை அடைத்து வலப்பக்கம் புதிதாகத் துளையிட வேண்டும். பெடல்களும் இடம் மாறும். எல்லோரும் மறப்பது எஞ்சின் அறை. பானெட்டைத் திறந்தால் ஸ்டியரிங் கம்பி இறங்குவது தெரியுமே, அதையும் மாற்றாவிட்டால் உள்ளே இடது, வெளியே வலது என்று ஒரு விசித்திர வண்டி கிடைக்கும்.

நம்பர் பிளேட் கறுப்புத் தட்டில் வெள்ளை எழுத்து. எண் படத்தில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், பாக்கியசாலி.

மறுபடி ஒன்று. தோட்டத்துச் செம்மண்ணையே சலித்துச் சக்கரத்தில் தூவலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். நானும் செய்து பார்த்தேன். வேட்டித் துணியில் சலித்த மண்கூட இந்த அளவில் சரளைக்கல். செங்காவி நிறச் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்து, அந்தப் பொடியை மெல்லிய பிரஷால் சக்கர வளைவுகளில் தட்டுங்கள். தோட்டத்து மண்ணை வண்டி நிற்கும் பலகையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கிட்டில் வந்த டயர், பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கிவிட்டது.
*கல்லூரி மாணவர், சேலம்*

பழைய வினைல் டயர்களை வளைந்துகொடுக்க வைக்கச் சேர்த்த எண்ணெய், நாளாக நாளாகக் கசிந்து ஸ்டைரீனைத் தின்னும். பெட்டியைத் திறந்த அன்றே டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். பூட்டும்போது சக்கரத்தின் விளிம்பில் மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்ன அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் தடுப்பாக நிற்கும். தம்பி கேட்ட மஞ்சளித்த ஸ்டிக்கருக்கு: ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டி வையுங்கள். சேலத்து வெயில் சில நாளில் வெளுத்துக் கொடுத்துவிடும்.

எஞ்சினுக்குப் பிளக் வயர் கொடுக்க எதைப் பயன்படுத்துவது? எந்த வயர் எங்கே போகும்?
*பஸ் பாடி கட்டும் பட்டறை ஊழியர், கரூர்*

கோவைக்காரனிடம் கேட்கும் கேள்வியா இது? மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போய், தரையில் கிடக்கும் துண்டு வைண்டிங் கம்பியைக் கேளுங்கள். காசு வாங்க மாட்டார்கள். நிஜப் பிளக் வயர் சுமார் 7 மில்லிமீட்டர், 25-ஆல் வகுத்தால் 0.28. முப்பத்திரண்டாம் கேஜ் கம்பி 0.27 சொச்சம். எங்கள் ஊர் பம்ப்செட்டுக்காகவே பிறந்த கம்பி, ஷெவர்லேக்கும் பொருந்துகிறது. கறுப்புப் பெயின்டில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டால் வயர் தயார்.

ஷெவர்லேயின் 283 எஞ்சினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம், ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டி இருக்கும். மஸ்டாங்கின் ஃபோர்டு 289 எஞ்சினில் முன்பக்கம். கண்காட்சியில் ஒருவர் பார்த்ததும் கேட்பது இதைத்தான். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை ஷெவர்லேக்கு 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநருக்கு இடப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் எட்டுத் துளை போட 0.3 பிட் வேண்டும். மெஷினில் மாட்டினால் முறியும், விரலிடுக்கில் உருட்டுங்கள். பஸ் பாடியில் ரிவெட் அடித்த கைக்கு முதலில் சிரிப்பு வரும், மூன்றாவது துளையில் நின்றுவிடும்.

முன் கண்ணாடியைச் சூப்பர் குளூவில் ஒட்டினேன். உள்ளே புகை மூட்டம்.
*வாசகி, உடுமலைப்பேட்டை*

அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்மையாகப் படியும். இனிமேல் ஃபெவிகால். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, வழிந்தால் ஈரத்துணியில் துடைக்கலாம். இப்போதைய கண்ணாடியைக் கழற்ற முடிந்தால், நுண்ணிய வாட்டர் பேப்பரும் பாலிஷும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

நிஜமான பழைய வண்டிகளைப் பக்கத்தில் நின்று பார்க்க எங்கே போகலாம்?
*பள்ளி ஆசிரியர், மேட்டுப்பாளையம்*

ஒரு மணி நேரப் பயணம். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம், 2015-ல் திறந்தார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்டித் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரில் அது இருப்பது பொருத்தம்தான். பிள்ளைகளை அழைத்துப் போனால் வண்டியின் முகத்தை மட்டும் காட்டாதீர்கள், குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிட் கட்டுபவன் தவறு செய்வது அங்கேதான். எல்லாவற்றையும் பளபளக்கும் கறுப்பில் அடித்துவிடுவான்.

மற்றவர்களுக்குப் பதில் சொல்கிறீர்கள். உங்கள் மேஜையில் முடியாமல் கிடப்பது எது?
*குறும்புக்கார வாசகர், பவானி*

1959 காடிலாக். நிஜ வண்டி 225 அங்குலம், என் மேஜையில் ஒன்பது அங்குலம். அந்த வருடத்து வால்சிறகுக்கு மேல் உயரமான சிறகு வேறு எந்த காடிலாக்குக்கும் முளைக்கவில்லை. ஒவ்வொரு சிறகிலும் தோட்டா போல் இரண்டு சிவப்பு விளக்கு, மொத்தம் நான்கு. அதில் ஒன்று போன தைமாதம் சாமண நுனியிலிருந்து துள்ளிப் போய்விட்டது. தரையைக் கூட்டி, குப்பையைச் சலித்து, பேத்தியின் காந்தத்தைக்கூட ஓட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் காந்தத்தில் ஒட்டாது என்பதை அவள்தான் எனக்கு நினைவுபடுத்தினாள்.

இப்போது சிவப்புக் கண்ணாடி நிறத்தில் இருந்த ஒரு பல்துலக்கும் பிரஷின் கைப்பிடியை அறுத்து, டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தால் தோட்டாவாகச் சீவிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஐந்து செய்தாயிற்று. ஐந்தாவது, கிட்டோடு வந்து மிச்சமிருக்கும் மூன்று விளக்குகளையும் விட ஒரு மயிரிழை தடிமனாக இருக்கிறது.